அழித்த காண்டாக்ட் மறுநாள் காலையில் திரும்பி வந்தால்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்று, அலுவலகம் கொடுத்த ஐபோன் ஒன்று, வீட்டில் ஒரு லேப்டாப். மூன்றிலும் காண்டாக்ட் சிங்க் ஆகிறது. 600 பேர் இருக்க வேண்டிய பட்டியலில் இப்போது 1,900 பெயர்கள். அம்மாவின் பெயரே நான்கு இடத்தில் இருக்கிறது. டூப்ளிகேட் நீக்கும் செயலி ஒன்றைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்தீர்கள். திங்கள் காலை பார்த்தால் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. ஏன், என்ன செய்வது?

முதலில் அந்தச் செயலியைத் தூக்கிவிடுங்கள். அதில் கோளாறு என்பதற்காகச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் எல்லாருடைய நம்பரையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, "இதில் இரட்டையாக இருப்பதை மட்டும் அடித்துக் கொடுங்கள்" என்று கேட்பது போன்ற வேலை அது. அதோடு, உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தும் இல்லை. குழாய் திறந்திருக்கும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

போனில் காண்டாக்ட் பட்டியலைத் திறந்தால் ஒரே பட்டியல் போலத் தெரியும். பின்னால் இருப்பது மூன்று நான்கு தனித்தனி நோட்டுகள். கூகுள் அக்கவுண்டில் ஒன்று, போன் மெமரியில் ஒன்று, சிம் கார்டில் ஒன்று, ஐபோனில் ஐகிளவுடு ஒன்று, அலுவலக மெயில் அக்கவுண்டோடு வந்தது ஒன்று. போன் இவற்றையெல்லாம் அடுக்கி வைத்து ஒரே பட்டியலாகக் காட்டுகிறது. அம்மா நான்கு முறை தெரிகிறார் என்றால் நான்கு நோட்டிலும் ஒரு முறை எழுதியிருக்கலாம், அல்லது ஒரே நோட்டில் நான்கு முறை எழுதியிருக்கலாம். இரண்டும் வேறு நோய், வைத்தியமும் வேறு.

எது என்று கண்டுபிடிப்பது எளிது. அம்மாவின் பெயரைத் தொட்டுத் திறந்து, எந்த அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திருத்தும் பக்கத்தின் மேலேயே அது இருக்கும். நான்கும் வேறு வேறு இடம் என்றால், அவை நோட்டுக்கு ஒன்றாக இருக்கும் பிரதிகள். அவற்றை மெர்ஜ் செய்யத் தேவையில்லை, ஒரு நோட்டை வைத்துக்கொண்டு மற்றதை மூடினால் போதும். நான்கும் கூகுள் என்றே இருந்தால்தான் உண்மையான டூப்ளிகேட். இன்னொன்று: வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் ஆண்ட்ராய்டில் தங்கள் பெயரில் ஒரு பதிவை வைத்து அதே ஆளோடு ஒட்டிவிடும். "மெசேஜ் அனுப்பு" என்ற வரி காண்டாக்டுக்குள்ளேயே தெரிகிறதே, அது அப்படி வருவதுதான். அதை டூப்ளிகேட் என்று நினைத்து நோண்ட வேண்டாம்.

சரி, அழித்தது ஏன் திரும்பி வருகிறது? சிங்க் செய்யும் மென்பொருள் ஆளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு காண்டாக்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாள எண் உண்டு. விகார்டு என்ற பொது வடிவத்தில் அதற்கு யூஐடி என்று பெயர். கார்ட்டேவ் என்ற சிங்க் முறையில் (2011-இல் தரப்படுத்தியது, ஐபோனும் பல மெயில் மென்பொருள்களும் பயன்படுத்துவது) ஒவ்வொரு அட்டைக்கும் (ஒரு காண்டாக்டின் பதிவைத்தான் அட்டை என்கிறேன்) தனி யூஐடி இருந்தாக வேண்டும். அந்த எண் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். வேறாக இருந்தால் பெயர், நம்பர், போட்டோ எல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் வேறு ஆள். பேக்கப் எடுத்த விசிஎஃப் கோப்பை (விகார்டு வடிவில் காண்டாக்டுகளைச் சேமிக்கும் கோப்பு) "இம்போர்ட் ஆனதா இல்லையா" என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறை அழுத்தினால் 600 பேரும் புது அடையாளத்தோடு மறுபடி பிறப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழையவர்களைத் தேடிப் பொருத்திப் பார்க்க எல்லா மென்பொருளும் மெனக்கெடுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் லேப்டாப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன். கூகுளையும் மெயில் மென்பொருளின் முகவரிப் புத்தகத்தையும் இருபுறமும் சிங்க் செய்யும் சின்ன மென்பொருள் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? அதனிடம் ஓர் அட்டவணை இருக்கும்: இந்தப் பக்கத்தில் உள்ள இவரும் அந்தப் பக்கத்தில் உள்ள அவரும் ஒரே ஆள் என்று. லேப்டாப்பை ஃபார்மேட் செய்தாலோ அந்த மென்பொருளை மறுபடி நிறுவினாலோ அட்டவணை போய்விடும். அடுத்த சிங்கில் அதன் கண்ணுக்கு இந்தப் பக்கம் 600 புது ஆட்கள், அந்தப் பக்கம் 600 புது ஆட்கள். இருவரையும் பரிமாறிவிட்டால் இரண்டு பக்கமும் 1,200. இன்னொரு முறை அட்டவணை போனால் 2,400. உங்கள் 1,900 என்ற கணக்கு, ஒரு முறை இருமடங்காகி, அதன் மேல் போன் மெமரியும் சிம்மும் சேர்ந்த கணக்கு மாதிரி தெரிகிறது. நீங்கள் ஞாயிறன்று போனில் அழித்தவற்றை, தன் பக்கத்தில் மட்டும் மீந்து நிற்கும் பதிவுகள் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டு, திங்களன்று பொறுப்பாகத் திருப்பி ஏற்றியிருக்கும்.

அதனால் செய்கிற வரிசைதான் முக்கியம். முதலில் எல்லா இடத்திலும் காண்டாக்ட் சிங்க்கை நிறுத்துங்கள். காண்டாக்ட் மட்டும் போதும், மெயில், காலண்டர் ஓடட்டும். ஐபோனில் ஒவ்வொரு அக்கவுண்டுக்குள்ளும் காண்டாக்ட்ஸ் என்று தனி சுவிட்ச் உண்டு. அணைக்கும்போது "போனிலேயே வைத்துக்கொள்ளவா, நீக்கவா" என்று கேட்கும். அங்கேதான் பலரும் பயந்து "வைத்துக்கொள்" என்று அழுத்துகிறார்கள். அப்படி வைத்தது போனுக்குள் எந்த அக்கவுண்டிலும் சேராத அனாதை நோட்டாகக் கிடக்கும், திரும்ப சிங்க்கைப் போட்டதும் பக்கத்திலேயே இன்னொரு பிரதி வந்து உட்காரும். பேக்கப் கையில் இருக்கும்போது "நீக்கு" என்பதுதான் சரியான பதில்.

எனவே அதற்கும் முன்னால் பேக்கப். ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாக விசிஎஃப் கோப்பாக எடுத்து, "கூகுள்", "ஐகிளவுடு", "சிம்" என்று பெயரும் தேதியும் போட்டு லேப்டாப்பில் வையுங்கள். ஒரே கோப்பாகக் கலந்து எடுத்தால், எது எங்கிருந்து வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. கூகுள் காண்டாக்ட்ஸ் இணையப் பக்கத்தில் கடந்த 30 நாட்களுக்குள் ஒரு தேதிக்குப் பட்டியலைத் திருப்பும் வசதி இருக்கிறது. ஐகிளவுடு தளத்திலும் பழைய காண்டாக்ட் பிரதிகளை மீட்கும் இடம் உண்டு. இருந்தாலும் கையில் ஒரு கோப்பு இருப்பது தனித் தைரியம்.

பழைய போனிலிருந்து பேக்கப் எடுத்தால் ஒரு கோளாறு வரலாம். விகார்டின் 2.1 பதிப்பு 1996-ஆம் ஆண்டுக் காலத்தது. அதில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் சமக்குறியும் எண்ணும் கலந்த நீண்ட சங்கேதமாகப் பதிவாகும். ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று குறி, ஆக ஓர் எழுத்துக்கு ஒன்பது குறி. "மீனாட்சி" என்ற பெயரில் கணினிக் கணக்கில் எட்டுக் குறியீடுகள், கோப்பில் 72 குறிகள். வரி நீளம் தாங்காமல் நடுவில் உடையும். இம்போர்ட் செய்யும் மென்பொருள் அதைச் சரியாக ஒட்டவில்லை என்றால் மீனாட்சி "மீனா"வாகவோ சதுரக் கட்டங்களாகவோ வந்து சேர்வார். கேட்கும் இடத்தில் எல்லாம் 3.0 பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூகுளா, ஐகிளவுடா? ஆண்ட்ராய்டு கையில் இருப்பதால் உங்களுக்குக் கூகுள் என்பேன். ஐபோனில் கூகுள் அக்கவுண்டைச் சேர்த்தால் காண்டாக்ட் தானாக வரும், எதிர்த்திசையில் அவ்வளவு சுலபம் இல்லை. அலுவலக அக்கவுண்டை மட்டும் சொந்த நம்பர்களுக்கு வீடாக வைக்காதீர்கள். வேலையை விட்ட அன்று அந்த அக்கவுண்டை நிர்வாகம் எடுத்துவிட்டால், அதில் இருந்த மாமா, அத்தை, பால்காரர் எல்லாரும் அதோடு போவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் கல்யாண அழைப்பு அனுப்பும் மாதத்தில் கம்பெனி மாறி, பாதி சொந்தக்காரர்களின் நம்பரைத் தங்கையிடம் கேட்டு வாங்கினார்.

இப்போது மெர்ஜ். லேப்டாப் பிரவுசரில் கூகுள் காண்டாக்ட்ஸைத் திறந்தால் "மெர்ஜ் அண்டு ஃபிக்ஸ்" என்று ஒரு பகுதி இருக்கும். ஐபோனிலும் 2022-இல் வந்த ஐஓஎஸ் 16 முதல், பட்டியலின் உச்சியில் டூப்ளிகேட் இருப்பதாகச் சொல்லி மெர்ஜ் செய்யும் வசதி உண்டு. ஆனால் வேறு வேறு அக்கவுண்டில் இருக்கும் அட்டைகளை ஐபோன் "லிங்க்" செய்து ஒன்றாகக் காட்டுவது வேறு. அது வெறும் தோற்றம், அடியில் அட்டைகள் தனித்தனியாகவே இருக்கும். கூகுளின் மெர்ஜும் கூகுள் நோட்டுக்குள் இருப்பதை மட்டுமே பார்க்கும், சிம்மில் இருப்பது அதற்குத் தெரியாது. "எல்லாவற்றையும் மெர்ஜ் செய்" என்ற பொத்தான் மேலேயே மின்னிக்கொண்டிருக்கும். அதைத் தொடாதீர்கள். காரணம் நம் பெயர்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலும் பெயரும்தான். அதிலும் போனில் ஏற்றும்போது இனிஷியலை யார் போடுகிறார்கள்? என் போனில் ஒரு காலத்தில் இரண்டு ரவி இருந்தார்கள். ஒருவர் எலக்ட்ரீஷியன், இன்னொருவர் மனைவி வழியில் சின்ன மாமனார். பெயர் ஒன்று என்பதால் மெர்ஜ் இருவரையும் ஒரே அட்டையாக்கி, இரண்டு நம்பர்களையும் கீழே மேலே வைத்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்குத் தொட்டி காலி, மோட்டார் ஓடவில்லை. மேலே இருந்த நம்பரை அழுத்தி, "என்ன ரவி, காலையிலேயே வரச் சொன்னேனே, ஆளைக் காணோம்" என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "மாப்ளே, எங்க வரச் சொன்னீங்க?" என்று குரல். இரட்டையாக இருக்கும் பெயர் வெறும் தொந்தரவு. தப்பாக ஒட்டிய பெயர் அப்படி இல்லை, பணம் அனுப்பும் செயலிகளும் இதே பட்டியலைத்தான் பார்க்கின்றன.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. பெயரும் நம்பரும் ஒன்று என்றால் யோசிக்காமல் மெர்ஜ். பெயர் ஒன்று, நம்பர் வேறு என்றால், அந்த ஆளின் இரண்டாவது நம்பர் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய விட்டுவிடுவேன். நம்பர் ஒன்று, பெயர் வேறு என்பதுதான் கண் வைத்துப் பார்க்க வேண்டிய இடம். "பிளம்பர் முருகன்", "முருகன் பிளம்பர்" என்றால் ஒரே ஆள். "பெரியப்பா வீடு", "லட்சுமி அண்ணி", "கார்த்தி" மூன்றும் ஒரே லேண்ட்லைனில் இருந்தால் அது கூட்டுக்குடும்பம், ஒரே ஆள் அல்ல. ஊரில் கடை நம்பரை அப்பா, மகன், கணக்குப்பிள்ளை என்று மூன்று பேர் பெயரில் ஏற்றி வைத்திருப்பதும் சாதாரணம்.

மெர்ஜுக்கு முன்னால் நம்பர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் பாதி வேலை முடியும். ஒரே நம்பர் 98-இல் தொடங்கி ஒரு முறை, முன்னால் 0 போட்டு ஒரு முறை, +91 போட்டு ஒரு முறை என்று மூன்று வேடத்தில் இருக்கும். முன்பு வெளி வட்டாரத்து மொபைலுக்கு 0 போட்டு அழைத்த காலத்தில் பதிந்தவை பல. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 கட்டாயமானபோது சிலர் போனில் இருந்த நம்பர்களுக்கும் 0 சேர்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும் +91 என்று மாற்றுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ உள்ளூர் சிம் போட்டு அழைத்தாலும் அது போகும், வெறும் பத்து இலக்கம் போகாது. லேண்ட்லைனில் ஒரு பொறி: மதுரைக்கு 0452 என்றால் சர்வதேச வடிவில் +91 452 என்று வரவேண்டும். +91 0452 என்று பழைய 0-வையும் இழுத்துவந்தால் அது டூப்ளிகேட் தேடலில் மாட்டாது, அழைப்பும் சரியாகப் போகாமல் படுத்தலாம்.

இதை மொத்தமாகச் செய்ய சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எடுத்து எக்செலில் திறக்கலாமே என்று தோன்றும். இரட்டைச் சொடுக்கில் மட்டும் திறக்காதீர்கள். 91-இல் தொடங்கும் பன்னிரண்டு இலக்க நம்பரை எக்செல் ஒரு பெரிய எண் என்று நினைத்து 9.19, அதன் பக்கத்தில் ஓர் எழுத்து, +11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சேவ் செய்தால் கோப்பில் அந்தச் சுருக்கம்தான் பதியும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். 0-வில் தொடங்கும் நம்பர்களின் 0 காணாமல் போகும், தமிழ்ப் பெயர்கள் கொத்துக் கொத்தாக வினோதக் குறிகளாகும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எழுத்துக் குறியீடு என்ன, எந்த நெடுவரிசை எந்த வகை என்று முதலிலேயே கேட்கும். யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, நம்பர் இருக்கும் நெடுவரிசைகளை "டெக்ஸ்ட்" என்று குறித்துவிட்டுத் திறந்தால் பத்திரம்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தலைவலியும் இருக்கிறது, இதை விளக்கும் ஆட்கள் குறைவு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு பெயர்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். "கௌரி" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ஔகாரக் குறியோடு சரியாக அடித்திருப்பார்கள். சிலர் கெ அடித்து, பக்கத்தில் ள அடித்து "கெளரி" என்று எழுதியிருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டாமவர் வேறு பெண். ஔவையாரை ஒ, ள என்று பிரித்து அடிப்பதும் இதே கதை. "ஸ்ரீ" இன்னும் விசேஷம். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் ஶ என்ற எழுத்து 2005-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஸ-வை வைத்து ஸ்ரீ எழுதினார்கள், பிறகு ஶ-வை வைத்து எழுதுவது முறையானது. விசைப்பலகையைப் பொறுத்து இன்றும் இரண்டும் புழங்குகின்றன, இரண்டும் பல போன்களில் ஒரே வடிவமாகத் தெரிகின்றன. ஒரு போனில் ஏற்றிய ஸ்ரீதரும் இன்னொரு போனில் ஏற்றிய ஸ்ரீதரும் ஒன்றுசேர மறுத்தால் இதைச் சந்தேகியுங்கள். "கொ" போன்ற எழுத்துகளிலும் ஒரே குறியாகவோ, கொம்பும் காலும் தனியாகவோ பதியும் இரட்டை வழி உண்டு. அது யூனிகோடு தரப்படி சமம், ஒழுங்கான மென்பொருள் சமாளித்துவிடும். கௌ, கெள விவகாரத்தை எந்தத் தரமும் காப்பாற்றாது, திரும்ப அடித்தால்தான் உண்டு.

ஆங்கிலத்தில் ஏற்றிய முருகனும் தமிழில் ஏற்றிய முருகனும் ஒரே ஆள் என்பதை நம்பர் ஒன்றாக இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே பெயரை வைத்துத் தேடாமல் நம்பரின் கடைசி ஏழெட்டு இலக்கங்களை அடித்துத் தேடுங்கள். எழுத்துக்கூட்டல் குழப்பம் அங்கே கிடையாது.

சிம் கார்டை ஒரு முறை காலி செய்துவிடுங்கள். பொதுவாக 250 பதிவு அளவுக்குத்தான் இடம், பல சிம்களில் பெயருக்குப் பதினான்கு எழுத்து அளவுதான். ஆங்கிலத்தில் 18 எழுத்து வரும் வெங்கடசுப்பிரமணியன் அங்கே வால் அறுந்து நிற்பார், தமிழில் அடித்தால் இடம் இன்னும் குறையும். இரண்டு நம்பர் வைத்திருக்கும் ஒருவரை சிம்முக்கு நகலெடுத்தால் பெரும்பாலும் இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவார். அங்கிருந்து ஒரு முறை "இம்போர்ட்" அழுத்தினால் வால் அறுந்தவர்களும் பிரிந்தவர்களும் உங்கள் நல்ல நோட்டுக்குள் வந்துவிடுவார்கள். பேக்கப் எடுத்தாயிற்று அல்லவா, சிம்மில் மட்டும் இருந்து வேறெங்கும் இல்லாத நம்பர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டு மீதியை அழித்துவிடலாம். போன் மெமரிக்கும் இதே வைத்தியம்தான். ஆண்ட்ராய்டில் கூகுள் செட்டிங்ஸுக்குள் "சாதனத்தின் காண்டாக்டுகளையும் சிங்க் செய்" என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். போன் மெமரி காலியாகும் முன் அதை ஆன் செய்தால், அங்கே கிடக்கும் பழைய பிரதிகள் அத்தனையும் கூகுளுக்கு ஏறும்.

கூகுள் நோட்டு சுத்தமாகி 600 சொச்சத்துக்கு வந்ததும் ஆண்ட்ராய்டு போனை மட்டும் இணையுங்கள். புது காண்டாக்ட் எங்கே சேமிக்க வேண்டும் என்ற இடத்தில் கூகுள் அக்கவுண்டைக் குறியுங்கள். ஐபோனிலும் "டிஃபால்ட் அக்கவுண்ட்" என்று இதே அமைப்பு உண்டு. இதைச் செய்யாமல் விட்டால் புதிதாக ஏற்றுகிற நம்பர் போன் மெமரிக்கோ ஐகிளவுடுக்கோ போய், ஆறு மாதத்தில் பழைய கதை. ஒரு நாள் விட்டு ஐபோன், இன்னொரு நாள் விட்டு லேப்டாப். இருபுறமும் சிங்க் செய்யும் அந்த மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டாம், மெயில் மென்பொருளே கூகுளை நேரடியாகப் படிக்குமா என்று பாருங்கள். படிக்கவில்லை என்றால் லேப்டாப்பில் பிரவுசரே போதும். மேசை இழுப்பறையில் பழைய போன் ஏதாவது அதே அக்கவுண்டோடு கிடந்தால், அதை ஆன் செய்யும் முன் வைஃபையை அணைத்து, அக்கவுண்டை நீக்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றை இணைத்ததும் அந்தக் கருவியிலிருந்து "சோதனை" என்று ஒரு பெயரை ஏதோ ஒரு நம்பரோடு ஏற்றுங்கள். மற்ற இடங்களில் அது ஒரே ஒரு முறை வருகிறதா, பெயரை "சோதனை 2" என்று மாற்றினால் மாறுகிறதா, அழித்தால் எல்லா இடத்திலும் போகிறதா என்று மறுநாள் காலை வரை பாருங்கள். இரண்டாக வந்தாலோ, அழித்தது மறுபடி தலைகாட்டினாலோ, கடைசியாக இணைத்த கருவிதான் ஆள். அதை மட்டும் கழற்றி அதன் அக்கவுண்ட் பட்டியலைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.